போர்வை போர்த்திய தொட்டி

அத்தியாயம் 14

காய்ச்சலில் பாதியாகிப் போயிருந்த ஜன்னத், ஆட்டோவிலிருந்து காலைக் கீழே வைக்கும் முன்பே கேட்டாள்.

"மோட்டார் ஓடிகினு கீதா அண்ணே?"

"ஓடுது, ஓடுது. நீ மொதல்ல மாடி ஏறு."

மஜீது அவளுடைய மருந்துப் பையை வாங்கிக்கொண்டார். முப்பது வருஷம் அடுப்புப் புகையில் நின்ற கண்கள். எப்போது பார்த்தாலும் அழுதுவிட்டு வந்தவர் போலவே இருப்பார். கல்யாண வீடுகளில் பிரியாணி போடும் பண்டாரி அவர். ஆயிரம் பேர் சோற்றுக்கு உப்பைச் சரியாகப் போடத் தெரிந்த மனிதருக்கு, சொந்த வீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவே ஒரு வார்த்தையைச் சரியாகப் போடத் தெரியாது.

போன திங்கட்கிழமை இதே வாசலில் ராயபுரமே வேடிக்கை பார்க்க அந்த இரண்டு பெண்களும் கத்திக்கொண்டது நினைவிருக்கும். சண்டை, கூடத்தில் இருக்கும் நாலடிக் கண்ணாடித் தொட்டியைப் பற்றி. மஜீதின் மகள் உஸ்மாவைப் பெண் பார்க்கச் சனிக்கிழமை வருகிறார்கள், அதற்குள் அந்தக் 'கலீஜ் கடல்' வெளியே போக வேண்டும் என்றாள் அண்ணி ஷம்ஷாத். தொட்டி போனால் நானும் போகிறேன் என்றாள் ஜன்னத். போயேன் என்றாள் ஷம்ஷாத்.

கடைசியில் மஜீது ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். தொட்டி இருக்கட்டும், மேலே ஒரு போர்வையைப் போட்டு மூடிவிடலாம். பதிலுக்கு, வந்தவர்கள் திரும்பிப் போகும்வரை ஜன்னத் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அப்புறம் ஷம்ஷாத் சொல்வதுதான் சட்டம். தொட்டியும் வெளியே, ஜன்னத்தும் வெளியே. சம்மதம் என்று சொன்ன கையோடு ஜன்னத் காய்ச்சலில் சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இன்று அந்தச் சனிக்கிழமை.

கூடத்துக்குள் நுழைந்ததும் ஜன்னத் நின்றுவிட்டாள். வாடை. மீன் ஏலம் முடிந்த பிறகு காசிமேட்டில் மத்தியானம் அடிக்குமே, அந்த வாடை. ஒழுங்காக ஓடுகிற உப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு வாடையே கிடையாது. இந்த ஆறு வருஷத்தில் ஒரு நாளும் இருந்ததில்லை.

பூப்போட்ட போர்வையை ஒரே இழுப்பில் இழுத்துக் கீழே போட்டாள். விளக்கைப் போட்டாள்.

நத்தைகள் பதினொன்றும் மணலில் கவிழ்ந்து கிடந்தன. சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட இரண்டு இறால்கள், அவள் கையை விட்டால் நகத்தைச் சுத்தம் செய்ய ஓடி வருபவை, கல்லிடுக்கில் வெளுத்துப் போயிருந்தன. நடுக் கல்லின் மேல் சாப்பாட்டுத் தட்டளவு விரிந்திருக்கும் கடல் சாமந்தி, பார்க்கப் பூவாக இருந்தாலும் அது உயிருள்ள பிராணி, ஆறிய கஞ்சி போலக் கரைந்து தொங்கியது. இரண்டு ஆரஞ்சு மீன்கள் மட்டும் உயிரோடிருந்தன. தங்கள் வீடாக இருந்த அந்தக் கஞ்சியை விட்டுப் போகத் தெரியாமல் அதையே சுற்றிக்கொண்டிருந்தன.

ஜன்னத் அழுகிற ரகம் இல்லை. அவளுக்குத் துக்கம் வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும். மீஞ்சூரில் கட்டிக்கொடுத்து, இரண்டே வருஷத்தில் தலாக் சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டு, அண்ணன் வீட்டுக்கு வந்தவள். ஜாக்கெட் தைத்துப் பிழைப்பவள். இந்த வீட்டில் இது என்னுடையது என்று விரல் நீட்டிக் காட்ட அவளுக்கு இருந்தது இந்தத் தொட்டி ஒன்றுதான். உப்பு ஏறியதா இறங்கியதா என்று தினமும் அளந்து, மீனவர் ராமதாஸ் படகில் கரை தெரியாத தூரத்திலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் மொண்டு வரச் சொல்லி, பிள்ளை வளர்ப்பது போல வளர்த்தாள்.

சமையலறையிலிருந்து ஷம்ஷாத் வந்தாள். கையில் சமோசா மாவு.

"வந்ததும் வராததுமா போர்வைய ஏன் இழுத்த?"

"இதுல இன்னா ஊத்துன அண்ணி?"

"நானா? அந்தத் தண்ணிகிட்ட நான் போவேனா? ரெண்டு நாளா மூக்கப் புடிச்சிகினு சோறு ஆக்கிகினு கீறேன். சாயங்காலம் ஜனம் வருது. போர்வையப் போட்டு மூடு."

"எல்லாம் செத்துப் போச்சு."

"ரெண்டு மீனு நீந்திகினு கீதே. கண்ணு தெரியல உனுக்கு?"

அந்த வார்த்தைதான் ஜன்னத்தை உலுக்கியது. ஆமாம், மீன் ஏன் சாகவில்லை? கரண்ட் போயிருந்தால் முதலில் மூச்சுத் திணறுவது மீன்தான். மீனை விட்டுவிட்டு இறாலையும் நத்தையையும் பூவையும் மட்டும் கொல்லுகிற விஷம் ஒன்றே ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்தாள். மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தால் தனி வாளியில் விட்டுக் கொடுக்கும் நீல மருந்து அங்கேதான் இருக்கும். அது செம்பு கலந்தது. தொட்டிக்குள் ஒரு சொட்டு விழக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் நூறு முறை சொல்லியிருக்கிறாள். பாட்டில் இல்லை. அலமாரித் தட்டு துடைத்துவிட்டது போல இருந்தது.

கொளத்தூரில் மீன் கடை வைத்திருக்கும் வெற்றிக்கு வீடியோ கால் போட்டாள். அவன் ஒரு நிமிஷம் பார்த்தான்.

"அக்கா, இது செம்புதான். சந்தேகமே இல்ல. அந்த மருந்து வுழுந்தாத்தான் இப்டி ஆவும். மீனு தாங்கிக்கும், மத்ததுங்க தாங்காது."

"தண்ணி மொத்தமா மாத்திட்டா?"

"கல்லும் மணலும் குடிச்சிருக்கும்க்கா. அந்தக் கல்லுல இனிமே இறாலு வளக்க முடியாது. மொதல்ல அந்தச் செத்த பூவ வெளிய எடுங்க, இல்லன்னா மீனும் போயிடும்."

ஃபோனை வைத்தபோது பக்கத்தில் உஸ்மா நின்றிருந்தாள். இருபத்திரண்டு வயது. துறைமுகத்துக்கு எதிரே கிளியரிங் ஆபீஸில் வேலை. இன்றைக்காக லீவ் போட வைத்திருந்தார்கள். கையில் மருதாணி காய்ந்துகொண்டிருந்தது.

"குப்பி," என்றாள் மெதுவாக. அந்த வீட்டில் அப்பாவின் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவது. "வியாயக்கெயம அம்மா கையில அந்த நீல பாட்டில பாத்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன். கையில வெச்சிகினு இருந்தாங்க."

அதற்கு மேல் கேட்க ஜன்னத்துக்கு நிதானமில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள்; ஆத்திரக்காரிக்கும் அதேதான், என்ன, கொஞ்சம் வேகமாக மட்டுப்படும். சமையலறைப் பக்கம் திரும்பினாள். குறுக்கே மஜீது வந்து நின்றார். மத்தியான லுஹர் தொழுகைக்குக் கிளம்பித் தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"வேணாம் ஜன்னத். இன்னிக்கு வேணாம்."

"வெஷம் வெச்சுக்கீறா அண்ணே உன் பொண்டாட்டி. நான் சாவக் கெடந்த நேரம் பாத்து."

"அப்டிலாம் இருக்காது. நான் கூட வியாயக்கெயம தண்ணி..."

"நீ பேசாத! நீ எப்பவும் அவ கட்சி."

மஜீது வாயை மூடிக்கொண்டார். அவருக்குப் பழக்கமான காரியம் அது. பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "சாயங்காலம் ஆறு மணி வரிக்கும். அவ்ளோதான் கேக்கறேன். நீ வாயத் தொறந்தன்னா, அப்பால என்னால உன்ன இந்த வூட்ல வெச்சிக்க முடியாது. அவகிட்ட வாக்குக் குடுத்துக்கீறேன்."

அவர் இறங்கிப் போனார். ஜன்னத் முழங்கைவரை கையைத் தொட்டிக்குள் விட்டு, கரைந்த பூவைக் கல்லிலிருந்து பிய்த்துப் பிய்த்து எடுத்தாள். வழவழவென்று விரலில் ஒட்டியது. பின்னால் ஷம்ஷாத் ஊதுபத்தி கொளுத்தி மூலைக்கு ஒன்றாக வைத்தாள், முணுமுணுத்துக்கொண்டே. இரண்டு பேரும் ஒருவரையொருவர் தொடாமல், பார்க்காமல், அந்தச் சின்னக் கூடத்துக்குள் இரண்டு மணி நேரம் வேலை செய்தார்கள். கொதிக்கிற எண்ணெய்ப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பை வைத்த மாதிரி இருந்தது வீடு.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் அவர்கள் வந்தார்கள். மூன்று பேர். மாப்பிள்ளை முதஸ்ஸிர், அவனுடைய அம்மா, ஒரு சித்தி. வண்ணாரப்பேட்டையில் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா உட்காரும்போதே சுவரை, ஃபேனை, கதவுத் தாழ்ப்பாளை எல்லாம் கண்ணாலேயே எடை போட்டுவிட்டாள்.

ஜன்னத் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். உதட்டைப் பல்லுக்கு நடுவில் வைத்திருந்தாள்.

உஸ்மா ஸலாம் சொல்லி டீ வைத்தாள். வேலையைப் பற்றிக் கேட்டாள் மாப்பிள்ளையின் அம்மா.

"நிக்காஹுக்கு அப்பால வேலைக்குப் போவ மாட்டாளே?"

"சேச்சே," என்றாள் ஷம்ஷாத். "அவளுக்கே இஸ்டம் இல்ல."

உஸ்மா தரையைப் பார்த்தாள்.

"அது இன்னா, போத்தி வெச்சுக்கீறீங்க?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, மறுபடி போர்வை போட்டிருந்த தொட்டியைக் காட்டி.

"பய்ய அலமாரிம்மா. ரூம்புல எடம் இல்ல."

அலமாரி உறுமிக்கொண்டிருந்தது. போர்வைக்குள்ளே மோட்டார் ஓடும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. முதஸ்ஸிர், வந்ததிலிருந்து வாயே திறக்காத பையன், எழுந்து போய்ப் போர்வையின் ஒரு மூலையைத் தூக்கினான். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"கடல் தண்ணித் தொட்டி! வூட்லயா? இத வெச்சுப் பாத்துக்கறது லேசு இல்லியே. யாரு பாத்துக்கறது?"

ஷம்ஷாத் ஒரு நொடிதான் தடுமாறினாள். வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்துவிட்டது.

"எங்க உஸ்மாதான்! தெனம் தண்ணி பாக்கறது, தீனி போடறது, எல்லாம் அவதான். அவ்ளோ பொறும. ஒரு உசிர வாட வுடமாட்டா எம் பொண்ணு."

உதடு பல்லை விட்டு நழுவியது. ஜன்னத் எழுந்து நின்றாள்.

"இன்னா சொன்ன?"

"ஜன்னத்," என்றார் மஜீது.

"வாட வுடமாட்டாளா? உம் பொண்ணா? ஆறு வருசம் நான் கழுவுன தொட்டி அது! நான் ஆஸ்பத்திரில கெடந்தப்போ நீல மருந்த ஊத்தி மொத்தத்தையும் சாவடிச்சிட்டு, இப்ப உம் பொண்ணு வளத்தான்னு சபையில சொல்ற. வெக்கமா இல்ல? இவங்க பொண்ணக் குடுத்தா வாங்கிகினு போங்கம்மா. ஆனா இந்த வூட்ல ஒரு வாய் தண்ணி குடிக்கறதுக்கு முன்ன யோசிச்சுக் குடிங்க!"

மாப்பிள்ளையின் சித்தி கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"அடிப் பாவி," என்றாள் ஷம்ஷாத். "நான் எங்கடி ஊத்தினேன்?"

"பாட்டிலு உங்கையில இருந்துச்சா இல்லியா? வியாயக்கெயம? அல்லா மேல ஆணையா சொல்லு!"

"இருந்துச்சு! குப்பையில போட்டேன்! அலமாரியத் தொடச்சப்போ பய்ய மருந்துன்னு தூக்கிப் போட்டேன். மூடி கூடத் தொறக்கல!"

"நம்பறதுக்கு வேற ஆளப் பாரு."

"நம்பு," என்றார் மஜீது.

அவர் குரல் உயர்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. இப்போதும் உயரவில்லை, ஆனால் எல்லோரும் திரும்பினார்கள்.

"அவ ஒண்ணும் ஊத்தல. தண்ணி மாத்துனது நானு. பதினஞ்சு நாளுக்கு ஒரு வாட்டி மாத்தணும்னு நீதான் சொல்லுவ. ராமதாஸு நாலு கேனு கொண்டாந்து குடுத்தாப்டி. ஒரு ராத்திரி அப்டியே தெளிய வுட்டு, அப்பால ஊத்தணும்னு நீ செய்யறதப் பாத்துக்கீறேன். உன் நீல ட்ரம்முல மெட்ரோ தண்ணி புடிச்சு வெச்சிட்டா இவ, லாரி ரெண்டு நாளைக்கு வராதுன்னு. அதான் என் பிரியாணி தேக்சாவுல ஊத்தி வெச்சேன். வியாயக்கெயம காலையில எடுத்துத் தொட்டியில வுட்டேன்."

"எந்த தேக்சா?" என்றாள் ஜன்னத்.

"பெரிசு. ஓரமா வெச்சிருந்தேன்ல. சும்மாதான கெடக்குது, தண்ணிதானன்னு..."

முதலில் புரிந்துகொண்டது மாப்பிள்ளையின் அம்மாதான். பாத்திரக் கடைக்காரியாயிற்றே.

"செம்பு தேக்சாவா பாய்? ஈயம் கீதா அதுல?"

"ஈயம் போயிடுச்சும்மா. பூசக் குடுக்கணும்னுதான் ஓரமா வெச்சிருந்தேன்."

"ஈயம் போன செம்புல ராத்திரி பூரா உப்புத் தண்ணியா? அதுல ரசம் வெச்சாலே பச்சையா களிம்பு எறங்குமே. பண்டாரிக்கு இது தெரியாதா?"

"சோறுன்னா தெரியும்மா," என்றார் மஜீது. "சமைக்கறதுக்குன்னா அத தொட்டிருக்க மாட்டேன். மீனுக்குன்னு தோணல."

அவர் ஜன்னத்தைப் பார்த்தார். "நீ வந்து பாத்தா சந்தோசப்படுவன்னு செஞ்சேன்."

மத்தியானமே அவர் சொல்ல வந்ததும், தான் அவரைப் பேசவிடாமல் அடக்கியதும் ஜன்னத்தின் நெஞ்சில் வந்து குத்தின. நுணலும் தன் வாயால் கெடும். தவளையாவது தனியாகச் சாகிறது; இவள் ஒரு சபையையே இழுத்துக்கொண்டு விழுந்திருந்தாள்.

"ஃபோன் பண்றோம்," என்று எழுந்தாள் மாப்பிள்ளையின் அம்மா. சமோசா தட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை. முதஸ்ஸிர் மட்டும் போகிற போக்கில் தொட்டியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்.

ஜன்னத் பின்கட்டுக்குப் போனாள். செத்த நத்தைகளைப் போட்டு வைத்த பக்கெட் அங்கே இருந்தது. அதைக் கழுவவும் தெம்பில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். உஸ்மா வந்து வாசற்படியில் நின்றாள்.

"உனுக்குத் தெரியுமா?" என்றாள் ஜன்னத், நிமிராமல்.

உஸ்மா பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அத்தா தண்ணி வுடும்போது நான்தான் டியூபு புடிச்சேன்."

ஜன்னத் தலையைத் தூக்கினாள்.

"அப்போ சத்தியமா தெரியாது குப்பி. சாயங்காலம் வேலையில இருந்து வந்து பாக்கறேன், நத்தைங்க ஒவ்வொண்ணா வுழுதுங்க. அப்பால தேக்சாவ எட்டிப் பாத்தேன், அடியில பச்சையா கீது. செம்பு ஆவாதுன்னு நீங்க எவ்ளோ வாட்டி சொல்லிக்கீறீங்க."

"அப்பவே ஃபோனு பண்ணியிருந்தா வெற்றி வந்திருப்பான். பாதி பொழச்சிருக்கும்."

"தெரியும்."

"அப்பால ஏன்டி?"

"எனக்கு இந்த எடம் வேணாம்." உஸ்மாவின் முகத்தில் அழுகை இல்லை, பிடிவாதம்தான் இருந்தது. "அம்மாகிட்ட நாலு வாட்டி சொல்லிட்டேன். வேலைய வுட மாட்டேன்னு சொன்னேன். காதுலயே வாங்கல. அத்தாகிட்ட சொன்னா, அம்மாவக் கேளுன்றாரு. இந்த வூட்ல சபையில எழுந்து கத்தறதுக்கு உங்க ஒருத்தராலதான் முடியும். நீங்க கத்துனா இது நின்னுடும்னு நெனச்சேன்."

"அதான் பாட்டில சொன்னியா?"

"நான் பொய் சொல்லல. கையில பாத்தேன்னுதான் சொன்னேன்."

ஜன்னத்துக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கை கூட எழுந்தது. கூடத்திலிருந்து ஷம்ஷாத் வரும் சத்தம் கேட்கவே, உஸ்மா சட்டென்று நகர்ந்து உள்ளறைக்குள் போய்விட்டாள்.

ஷம்ஷாத் வந்து எதிரே நின்றாள். கண் வீங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் ஜன்னத் அவளை அழுது பார்த்தது இதுதான் இரண்டாவது தடவை. அதற்காக மனம் இளகிவிடவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், நேரா சொல்லு," என்றாள் ஷம்ஷாத். "வியாயக்கெயம நீ ஆஸ்பத்திரில. உங்க அண்ணன் மார்க்கெட்டுல. அந்த பாட்டிலு என் கையில இருந்தது உனுக்கு எப்டித் தெரியும்?"

ஜன்னத் பக்கெட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"யாரோ உன்னத் தூண்டி வுட்டு நீ பேசியிருந்தன்னா, அது வேற. நீ இங்கியே இருக்கலாம். நானே அவர்கிட்ட சொல்றேன், தொட்டியும் இருக்கட்டும்னு. பேரு மட்டும் சொல்லு."

பேர் நாக்கு நுனியில் நின்றது. ஒரு வார்த்தை. சொன்னால் கூரை மிச்சம், மிஷின் போட இடம் மிச்சம், அந்த இரண்டு மீன்களாவது மிச்சம். ஷம்ஷாத்தின் கை முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தது. பேரைக் கேட்டவள், அந்தப் பேர் வந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டு நிற்பது ஜன்னத்துக்கு நன்றாகவே தெரிந்தது.

உஸ்மா மேல் அவளுக்கு இரக்கம் எதுவும் இல்லை. ஆனால் மீஞ்சூருக்குத் தன்னை அனுப்பும்போது, உனக்கு இஷ்டமா என்று இதே வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. அன்றைக்குக் கத்தத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு போனவள்தான், இன்றைக்கு எல்லாவற்றுக்கும் கத்துகிறாள். அது அவளுக்கே தெரிந்த விஷயம்.

"யாரும் சொல்லல. அலமாரி காலியா இருந்துச்சு. நீதான் எடுத்திருப்பன்னு நானா அடிச்சு வுட்டேன்."

ஷம்ஷாத்திடமிருந்து நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. அவள் கண்ணில் ஒரு கணம் தெரிந்தது நன்றியோ என்று ஜன்னத் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் அது போய்விட்டது.

"அப்ப துணிய எடுத்து வை. நாளைக்குக் காலையில கெளம்பு. அந்த ரெண்டு மீனையும் கையோட எடுத்துகினு போ. இல்லன்னா அதையும் நான்தான் சாவடிச்சேன்னு ஊரு பூரா சொல்லுவ."

மஜீது கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னத் உள்ளே வந்து அவர் முன்னால் நின்றாள். அவர் நிமிரவில்லை.

"அண்ணே."

"வாக்குக் குடுத்துட்டேன் ஜன்னத்."

அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. அடுப்பு இரைச்சலில் பாதிக் காது போனவர். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மாப்பிள்ளையின் அம்மா குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"பாய், பொண்ணு எங்களுக்குப் புடிச்சுக்கீது. எம் புள்ளையும் சரின்ட்டான். சண்ட இல்லாத வூடு எங்க கீது? அவ்ளோ கூச்சல்லயும் பொண்ணு ஒரு வார்த்த எதுத்துப் பேசல, பாத்தீங்களா? அந்த அடக்கந்தான் எங்களுக்கு வேணும். வர்ற வெள்ளிக்கெயம தேதி வெச்சுக்கலாம். ஒண்ணே ஒண்ணு. அந்த அத்தைக்காரி எங்க கண்ணுல படக் கூடாது. அவ வூட்ல இருந்தா எங்களுக்கு ஒத்து வராது."

"அவ இருக்க மாட்டா சம்மந்தி," என்றாள் ஷம்ஷாத், ஃபோனுக்குக் குனிந்து. சம்மந்தி என்ற வார்த்தை அவள் வாயில் அதற்குள் பழகிவிட்டிருந்தது.

உள்ளறைக் கதவு படாரென்று திறந்தது. உஸ்மா ஓடிவந்து ஜன்னத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். மருதாணி சிவந்த விரல்கள் அவள் மணிக்கட்டில் இறுகின.

"குப்பி, போவாதீங்க," என்றாள், ஜன்னத்துக்கு மட்டும் கேட்கும்படி. "நீங்க சொல்லுங்க குப்பி. எனுக்கு வேணாம்னு நீங்க சொல்லுங்க."

"அல்லோ? பாய்? லைன்ல கீறீங்களா?" என்றது ஃபோன்.

ஜன்னத் தன் கையை விடுவித்துக்கொண்டாள்.

"எனுக்கு இருந்த ஒரு வாயயும் நீ இன்னிக்கு செலவு பண்ணிட்ட," என்றாள். "ஃபோனு தோ கீது. நீயே சத்தமா சொல்லு."